உயரம் 143, டி.எஸ்.எச். 68: காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் வழியில் தேங்காய்க் களங்கள் நிறைய. லாரியில் வந்து இறங்கும் காய்கள் இங்கேதான் உடைபட்டு, வெயிலில் காய்ந்து, தொட்டி நீங்கிக் கொப்பரையாகி எண்ணெய் ஆலைக்குப் போகின்றன. அப்படியொரு களத்தில் 18 வருடமாகக் கொப்பரை தோண்டும் பெண்மணி ஒருவரைப் பற்றியது இது. வயது 52. பெயரும் ஊரும் வேண்டாம். எழுதிக்கொள்ள அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார்.

குள்ளமான உடம்பு, வேலை செய்யாத தைராய்டு, வயதுக்கு மீறி விறைத்த ரத்தக்குழாய் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால் எழுத நினைத்தேன். அதைவிட, முதல் இரண்டு முறை அவர் என்னிடம் மருத்துவம் பார்க்க வந்தபோது நான் பார்க்காமல் விட்டதை எழுதிவைக்க வேண்டும் என்பது பெரிய காரணம்.

முதல் இரண்டு வருகை

2022 டிசம்பரில் முதலில் வந்தார். "காலெல்லாம் கட்டி இழுக்குதுங்க டாக்டர். கூடையத் தூக்கிட்டு எந்திரிக்க முடியறதில்லீங்க. அசதின்னா அசதி, படுத்த எடத்துலயே கெடக்கலாமான்னு இருக்குதுங்க" என்றார். மாதவிடாய் நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை இல்லை. புகையிலை பழக்கம் இல்லை.

கையில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வைத்திருந்தார். நாலு மாதம் முன்பு ஊரில் நடந்த முகாமில் எடுத்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 296, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்.டி.எல். 204. அதைப் பார்த்த வேறொரு மருத்துவர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதியிருக்கிறார். போட்ட இரண்டாம் மாதமே தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ள, இவராகவே நிறுத்திவிட்டார். ரத்த அழுத்தம் 136/98 இருந்தது. அம்லோடிபின் 5 மி.கி. எழுதி, எண்ணெயைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன். கொப்பரைக் களத்தில் வேலை, தேங்காயெண்ணெய்ச் சமையல், அதனால் கொலஸ்ட்ரால் என்று மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டேன்.

ஜனவரியில் மறுபடி வந்தார். கால் வீங்கியிருந்தது. அம்லோடிபின் போட்டால் கணுக்கால் வீங்குவது எல்லோரும் அறிந்த பக்கவிளைவு. அதுதான் என்று சொல்லி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தேன். வீங்கிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கவில்லை. அன்று காத்திருந்த கூட்டம் அதிகம். ஆனால் அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும்.

வளையல்

பிப்ரவரியில் மூன்றாவது முறை. இந்தமுறை நோயைச் சொல்லவில்லை, வளையலைச் சொன்னார். தைப்பூசத்துக்குச் சிவன்மலைத் தேர் பார்க்கப் போனவர், தேர்க்கடையில் வளையல் போட உட்கார்ந்திருக்கிறார். "எப்பவும் ரெண்டு நாலு போடற கையிங்க. ரெண்டு எட்டே ஏற மாட்டீங்குது. அந்தப் பொண்ணு சோப்புப் போட்டுக்கூடப் பாத்துச்சுங்க." சொல்லிவிட்டுக் கையை மேசைமேல் நீட்டினார். அப்போதுதான் அவர் குரலையும் கவனித்தேன். கரகரத்து, ஒவ்வொரு சொல்லும் இழுத்துக்கொண்டு வந்தது.

காலை அழுத்தினேன். குழி விழவில்லை. மாத்திரையால் சேரும் நீர் வீக்கமானால் விரல் எடுத்தபின்னும் பள்ளம் நிற்கும். இது மாவு பிசைந்து வைத்ததுபோல் அமுங்கி, அப்படியே எழுந்துகொண்டது. நாடி 54. பிறகு அவரை நாற்காலியில் முட்டிபோட வைத்து, பாதம் தொங்கும்படி விட்டு, குதிகால் தசைநாணில் சுத்தியலால் தட்டினேன். பாதம் வழக்கம்போலக் கீழே உந்தியது. திரும்பி வரத்தான் நேரம் எடுத்தது. நல்ல உடம்பில் போவதும் வருவதும் ஒரே துடிப்பாக முடிந்துவிடும். இங்கே போனது தெரிந்தது, நின்றது தெரிந்தது, மெல்ல மெல்ல இறங்கி வந்தது தனியாகத் தெரிந்தது. மறுகாலிலும் அப்படியே. ஆய்வகச் சீட்டு வரும்முன்பே எனக்கு விடை கிடைத்துவிட்டது: தைராய்டுக் குறைவு.

டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறையக் குறைய இது ஏறும். இவருக்கு 68. தைராய்டே சுரக்கும் ஹார்மோனான கட்டற்ற டி4 0.4, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருட்கள் (ஆன்டிபாடி) மிக அதிகம். தசை நொதியான சி.பி.கே. 640. ஈ.சி.ஜி.யில் மெதுவான துடிப்பு, குட்டை குட்டையான அலைகள். எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீர் சேரவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

இதன்பிறகு பழைய சீட்டை எடுத்துப் பார்த்தால் எல்லாமே அதில் எழுதியிருந்தது. கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் உண்டு. அவற்றை உண்டாக்கத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது குறைந்தால் வாங்கி குறைந்து, எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தைராய்டு சுரப்பு ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தியும் வைக்கிறது. அது இல்லாதபோது சிறு குழாய்கள் இறுகி, ரத்த அழுத்தத்தின் கீழ் எண் ஏறுகிறது. 136/98 என்பதில் என்னைப் பார்த்துப் பேசியது அந்த 98தான். தைராய்டு குறைந்த உடம்பில் ஸ்டாட்டின் போட்டால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். எல்.டி.எல். எகிறியிருக்கிறது, ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை, கீழ் அழுத்தம் தனியாக ஏறியிருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டி.எஸ்.எச். பார்க்காமல் அடுத்த மருந்து எழுதக் கூடாது. எனக்குத் தெரிந்த பாடம்தான். தெரிந்தும் விட்டேன்.

உயரம் எவ்வளவு என்று கேட்டார்கள்

ரத்தக்குழாய்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்கக் கோயமுத்தூருக்கு அனுப்பினேன். அங்கே இரண்டு சோதனை. ஒன்று கழுத்துத் தமனி ஸ்கேன். சுவரின் உள் அடுக்கும் நடு அடுக்கும் சேர்ந்த தடிப்பு வலப்பக்கம் 1.0 மி.மீ., இடப்பக்கம் 0.9 மி.மீ.; வலது தமனி கிளை பிரியும் இடத்தில் சின்னதாக ஒரு கொழுப்புத் திட்டு. 0.9க்கு மேல் போனால் ரத்தக்குழாய் பழுதுபடத் தொடங்கிவிட்டது என்று கொள்வது வழக்கம். இன்னொன்று நாடி அலை வேகம். இரு கை, இரு காலிலும் பட்டை கட்டி, இதயத்திலிருந்து கிளம்பும் அழுத்த அலை கைக்கும் கணுக்காலுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளப்பார்கள். இவருக்கு நொடிக்கு 17.2 மீட்டர். ஜப்பானில் வகுத்த அளவுகோலில் 18 அபாயக் கோடு. 52 வயதில் அதன் வாசலில் நின்றிருந்தார்.

சோதனை தொடங்கும் முன் அங்கிருந்து எனக்கு ஃபோன் வந்தது. "சார், சீட்டுல வெயிட் இருக்கு, ஹைட் இல்லையே?" அந்தக் கருவி அலை கடக்கும் தூரத்தை நாடா வைத்து அளப்பதில்லை. உயரத்தை உள்ளே கொடுத்தால் சூத்திரம் போட்டுத் தூரத்தை அதுவே கணக்கிடும். உயரம் தப்பானால் வேகமும் தப்பு. மூன்று முறை பார்த்தும் நான் இவர் உயரத்தை எழுதியிருக்கவில்லை. அவர்கள் அளந்து சொன்னார்கள்: 143 செ.மீ.

திரும்பி வந்தபோது கைகளை விரிக்கச் சொல்லி விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்தேன். 144. முதுகெலும்பு நொறுங்கியோ கூன் விழுந்தோ உயரம் குறைந்திருந்தால் கைவிரிப்பு உயரத்தைவிட நாலைந்து செ.மீ. கூடுதலாகக் காட்டும். வயதானவர்களிடம் இன்றைய உயரத்தை மட்டும் அளந்து "குள்ளம்" என்று எழுதினால் அது எலும்புத் தேய்மானத்தை அளந்ததாகிவிடும். இவர் விஷயத்தில் அப்படியில்லை. வளர்ந்ததே இவ்வளவுதான்.

"எங்கண்ணனெல்லாம் நல்ல ஒசரமுங்க. நாந்தான் இப்பிடி. எங்கம்மா காட்டு வேலைக்குப் போய்ட்டிருந்தப்பவே வலி வந்து பொறந்தேனாமா. மொறத்துல படுக்க வெச்சா பாதி மொறம் சும்மா கெடந்துச்சுன்னு சொல்லும்ங்க."

அந்தப் பாதி முறம் எனக்குப் பெரிய தகவல். திம்பம் மலையேறி அந்தப்பக்கம் இறங்கினால் வரும் மைசூரில், ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1950களின் தொடக்கம்வரை பிறந்தவர்களில் 517 பேரைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தார்கள். 1996இல் வந்தது அந்த ஆய்வு. பிறக்கும்போது 2.5 கிலோவும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு இதயத் தமனி நோய்; 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 100க்கு 3 பேருக்குத்தான். எடை மட்டுமில்லை, பிறந்தபோது நீளம் குறைவாக இருந்தவர்களுக்கும் நோய் கூடுதலாக இருந்தது. மைசூரும் காங்கேயமும் அப்படியொன்றும் தூரமில்லை. அன்றைய தாய்மார்களின் வயிறும் வேலையும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

உயரம் எப்படித் தமனியைத் தொடுகிறது? புதிதாக வாங்கிய சொட்டுநீர்க் குழாயை விரலால் அழுத்தினால் அமுங்கி எழும். நாலு கோடை வெயில் பட்டபின் அதே குழாய் விறைத்து, மடக்கினால் கீறிவிடும். தமனி முதுமையடைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். இழுத்தால் நீண்டு திரும்பும் எலாஸ்டின் இழைகள் அறுந்துபோக, அந்த இடத்தை விறைப்பான கொலாஜன் பிடித்துக்கொள்கிறது. இதயம் தள்ளும்போது கிளம்பும் அழுத்த அலை கிளை பிரியும் இடங்களிலும் சிறு குழாய்களிலும் மோதித் திரும்பி வரும். இளகிய குழாயில் அது சாவகாசமாக, இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் வந்து சேரும். இதயத் தசைக்கே ரத்தம் பாயும் நேரமும் அதுதான் என்பதால் அந்த அலை உதவியாகவே இருக்கும். குழாய் விறைத்தால் அலை வேகமெடுத்து, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து முட்டும். குள்ளமான உடம்பில் போய்வரும் தூரமே குறைவு. ஆகவே அதே விறைப்புக்கும் அலை முந்திக்கொண்டு திரும்பும்; இதயத்தின் சுமை கூடும். இதயத் தமனிகளின் உள்விட்டமும் சின்ன உடம்பில் சிறிதாக இருக்கும். அதே அளவு திட்டு சிறிய குழாயை அதிகமாக அடைக்கும்.

2010இல் பின்லாந்து ஆய்வாளர்கள் 52 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 30 லட்சம் பேருக்கு மேல். மிகக் குள்ளமானவர்களுக்கு இதயத் தமனி நோயின் அபாயம் மிக உயரமானவர்களைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. வறுமைதான் இரண்டுக்கும் காரணமோ என்ற கேள்வி எழும் அல்லவா? 2015இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தவர்கள் உயரத்தை நிர்ணயிக்கும் 180 மரபணு மாறுபாடுகளை வைத்துப் பார்த்தார்கள். மரபணுவால் 6.5 செ.மீ. குறைந்தால் அபாயம் 13.5 சதவீதம் கூடியது. மரபணு ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. ஆக உயரத்துக்கே ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் ஆண்களிடம் தெளிவாகத் தெரிந்த தொடர்பு பெண்களிடம் உறுதிப்படவில்லை. என் நோயாளி பெண் என்பதால் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. உயரமாக இருப்பவர்கள் தப்பித்தார்கள் என்றும் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பும், கால் சிரையில் ரத்தம் உறைவதும் அவர்களுக்குத்தான் அதிகம்.

தைராய்டு தமனிக்குச் செய்தது

உயரமும் தைராய்டும் வேறு வேறு சங்கதி இல்லை. சுவிட்சர்லாந்தில் தியோடர் கோகர் கழுத்துக் கழலைக்காகத் தைராய்டு முழுவதையும் அறுத்தெடுத்துக்கொண்டிருந்தவர். பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்து 1883இல் எழுதினார்: உடம்பு உப்பியிருக்கிறது, புத்தி மந்தமாகிவிட்டது, சின்ன வயதில் அறுக்கப்பட்டவர்கள் வளரவே இல்லை. தன் கையால் நேர்ந்ததைத் தானே தேடிப்போய்ப் பார்த்து எழுதிய மனிதர் அவர். 1909இல் நோபல் பரிசு பெற்றார். எலும்பு நீளத் தைராய்டு ஹார்மோன் வேண்டும் என்பது அந்தக் குழந்தைகளிடமிருந்து உலகம் கற்றுக்கொண்டது.

அப்படியானால் என் நோயாளியும் சின்ன வயதிலேயே தைராய்டு குறைந்துதான் குள்ளமானாரா? நான் இதை நெடுநேரம் யோசித்தேன். 14 வயதில் வயதுக்கு வந்திருக்கிறார், எட்டாம் வகுப்புவரை நன்றாகப் படித்திருக்கிறார், இரண்டு பிள்ளைகளைச் சிக்கலில்லாமல் பெற்றிருக்கிறார். சிகிச்சையே இல்லாமல் 40 வருடம் தைராய்டு குறைந்த உடம்பில் இது நடக்காது. குள்ளம் பிறப்பிலிருந்து வந்தது; தைராய்டு கடைசிச் சில வருடங்களில் கெட்டது. இரண்டும் தனித்தனி வழியாக வந்து ஒரே குழாயில் சேர்ந்துகொண்டன என்பதே என் முடிவு.

ராட்டர்டாம் நகரில் 1,149 வயதான பெண்களைப் பார்த்த ஆய்வு 2000இல் வந்தது. டி4 சரியாகவே இருந்து டி.எஸ்.எச். மட்டும் லேசாக ஏறியவர்களுக்கே வயிற்று மகாதமனியில் தடிப்பு 1.7 மடங்கும், மாரடைப்பு 2.3 மடங்கும் கூடுதலாக இருந்தன. 2010இல் 55,287 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, டி.எஸ்.எச். 10ஐத் தாண்டியவர்களுக்கு இதயத் தமனி நோய் நிகழ்வுகள் இரு மடங்கை நெருங்கின. என் நோயாளிக்கு 68, டி4உம் விழுந்திருந்தது.

சிகிச்சையும் ஒரு தடங்கலும்

எடை 54 கிலோ. கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டால் 86 வருகிறது. ஆனால் கழுத்திலேயே திட்டு இருப்பவருக்கு இதயத்திலும் இருக்கலாம். தூங்கிக்கொண்டிருந்த இதயத்தைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலி வரக்கூடும். தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சினை 25 மைக்ரோகிராமில் தொடங்கி, எட்டு வாரத்தில் 50 ஆக்கினேன். டி.எஸ்.எச். 68இலிருந்து 21க்கு இறங்கியிருந்தது. குரல் தெளிந்தது. அடுத்த எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் 27. இறங்க வேண்டியது ஏறியிருந்தது.

"வெறும் வயித்துலதானுங்க போடறேன். நாலு மணிக்கு எந்திரிச்சதும் டீயோட போட்டுக்கறனுங்க."

"டீ குடிச்சா அது வெறும் வயிறில்லீங்களே அம்மணி."

"டீயெல்லாம் ஒரு சாப்பாடுங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. வெறும் வயிறு என்று சொன்னேனே தவிர, வெறும் தண்ணீர் என்று சொல்லவில்லை. கூடவே, மூட்டுக்கு நல்லது என்று மகள் வாங்கிக் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் அதே வாயில் போட்டிருக்கிறார். கால்சியம், இரும்புச்சத்து இரண்டும் லெவோதைராக்சினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். நாலு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. சிமெண்ட் அட்டை வேய்ந்த வீடு, மருந்து பாட்டில் டி.வி. மேல். சித்திரை வெயிலில் அந்த இடம் எப்படிக் கொதிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் இந்த மருந்து வீரியம் இழக்கும்.

பேசி முடிவு செய்தோம். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரை. டீயைக் களத்துக்குப் போய் ஐந்தரைக்குக் குடிப்பது. கால்சியம் இரவுச் சோற்றுக்குப்பின். பாட்டில் தரையோரம் தண்ணீர்ப் பானை வைக்கும் மூலைக்குப் போனது, ஈரம் படாமல் டப்பாவுக்குள். மருந்தின் அளவைக் கூட்டாமலே அடுத்த டி.எஸ்.எச். 8.4. பிறகு 75க்கு ஏற்றினேன், 3.1இல் நின்றது.

எல்.டி.எல். ஸ்டாட்டின் இல்லாமலேயே 204இலிருந்து 138க்கு இறங்கியது. கழுத்தில் திட்டு இருக்கும்போது 138 போதாது. தைராய்டு சரியானபின் ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. தொடங்கினேன். பயந்துகொண்டேதான் போட்டார். கால் பிடிக்கவில்லை. எல்.டி.எல். இப்போது 74. அம்லோடிபினை நிறுத்தியாயிற்று. அழுத்தம் 122/80.

ஒரு வருடம் கழித்து

2024 பிப்ரவரியில் மறுபடி கோயமுத்தூர். நாடி அலை வேகம் 17.2இலிருந்து 15.1. கழுத்துத் தமனித் தடிப்பு வலப்பக்கம் 0.9, திட்டு அப்படியே இருக்கிறது.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? தடிப்பில் 0.1 மி.மீ. குறைந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்கேன் செய்யும் கை மாறினாலே அந்த அளவு மாறும். அலை வேகம் குறைந்ததை நம்புகிறேன், ஆனால் முழுவதையும் தமனி இளகியதற்கு எழுதிவைக்க மாட்டேன். ரத்த அழுத்தம் இறங்கினாலே அலை வேகமும் இறங்கும். இறுகியிருந்த குழாய்த் தசை தளர்ந்திருக்கிறது. அறுந்த எலாஸ்டின் ஒட்டிக்கொண்டது என்று யாரும் சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு, டி.எஸ்.எச். 6 இருக்கிற 75 வயதுப் பாட்டிக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க யாரும் ஓடிவிடக் கூடாது. 65 வயதுக்கு மேற்பட்ட, லேசான தைராய்டுக் குறைவு உள்ள 737 பேரிடம் நடந்த சோதனை 2017இல் வெளிவந்தது. லெவோதைராக்சின் போட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசமில்லை. அவர்களில் ஒரு பகுதியினரின் கழுத்துத் தமனியை அளந்தபோதும் வித்தியாசமில்லை. தேவைக்கு மேல் போட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். 68உம் 6உம் ஒன்றல்ல.

என் அறையில் செய்த மாற்றம் சின்னது. கதவு நிலைக்குப் பக்கத்துச் சுவரில் உயரம் அளக்கும் நாடாவை ஆணியடித்து ஒட்டினேன். எடைபோடும் எல்லோரையும் அங்கே நிறுத்தி அளக்கிறோம். 150க்குக் கீழே உள்ளவர்களிடம் பிறந்த கதையைக் கேட்கிறேன். இரண்டு நிமிடம் கூட ஆகும்.

போன கோடை விடுமுறையில் அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது வயது, வகுப்பில் கடைசிக் குட்டி. இந்த வகைத் தைராய்டு நோய் குடும்பத்தில் ஓடும் என்று நான் சொன்னதை மனசில் வைத்திருந்திருக்கிறார். "எனக்குப் பாக்காம உட்ட மாதிரி இவளுக்கு உட்றாதீங்க சாமி" என்றார். டி.எஸ்.எச். 2.4, சரியாக இருந்தது. ஆனால் அந்த வயதில் ஓர் எண் போதாது. வருடத்துக்கு ஐந்து செ.மீ. பக்கம் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, தலையில் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 121. ஆறு மாதம் கழித்துத் தீபாவளி முடிந்து வந்தாள். பழைய கோட்டைத் தானே தேடிப்போய் நின்றாள். 124.